ஏமாந்த தலைமையகமும் ஏதுமறியா ஒற்றனும்

1751ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ராபர்ட் கிளைவ், ஏறத்தாழ 200 ஐரோப்பியரையும் 300 இந்தியச் சிப்பாய்களையும் நடத்திக்கொண்டு சென்னையிலிருந்து ஆற்காட்டை நோக்கி வந்தபோது, ஆற்காட்டுக் கோட்டையில் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட காவற்படை இருந்தது. வழியில் இடியும் மின்னலும் பெருமழையும் பிடித்துக்கொண்டன. அதைப் பொருட்படுத்தாமல் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, நடந்து வருவதைக் கண்ட ஒற்றர்கள், ஓடோடிச் சென்று கோட்டையில் செய்தி சொன்னார்கள். இடிக்கே அஞ்சாதவர்களை எதிர்த்து நிற்பது ஆகாத காரியம் என்று சகுனம் பார்த்து முடிவு செய்த காவற்படை, ஒரு வேட்டும் சுடாமல் கோட்டையைக் காலி செய்துவிட்டது. கும்பினிக் காலப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் தரும் செய்தி இது. இதில் ஒற்றர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. மழை பெய்தது, படை நடந்தது, இரண்டும் உண்மை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், எந்த மழையில் வருகிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

நகைச்சுவை உளவுப் படங்கள் ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் எனக்கு இந்த ஆற்காட்டுக் காவற்படைதான் நினைவுக்கு வரும். மிடுக்காக வரவேண்டிய உளவாளி தடுக்கி விழுகிறான், அதனால் சிரிக்கிறோம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மை. தடுக்கி விழுவது மட்டுமே சிரிப்புக்குப் போதுமானால், விழுபவன் தபால்காரனாக இருந்தாலும் சமையற்காரனாக இருந்தாலும் ஒன்றுதான். உளவாளிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த வகைப் படங்களில் விழுபவனைக் காட்டிலும், அவன் விழுந்ததை ஒரு தந்திரம் என்று எடுத்துக்கொண்டு கோப்பில் குறித்துவைக்கும் அலுவலகமே பெரிய நகைச்சுவைப் பாத்திரம் என்பது என் கணிப்பு.

இந்த வகையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். இயான் ஃபிளெமிங் 1953இல் நாவலில் அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் பாண்ட், 1962இல் 'டாக்டர் நோ' படத்தின் வழியாகத் திரைக்கு வந்தபின், உளவுப் படத்துக்கென்று ஒரு கட்டான இலக்கணம் உருவாகிவிட்டது. எண்ணால் அழைக்கப்படும் நாயகன், மேசைக்குப் பின்னாலிருந்து உறுமும் மேலதிகாரி, பேனாவுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஆயுதம் ஒளித்துத் தரும் பொறியாளர், மலைக்கடியிலோ கடலுக்கடியிலோ மாளிகை கட்டிக்கொண்டிருக்கும் வில்லன் என்று எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. இலக்கணம் இறுகினால் பகடி எளிது. பாட்டின் மெட்டு ஊருக்கே தெரிந்திருந்தால்தான் அதற்கு வேறு சொற்களைப் போட்டுச் சிரிக்க வைக்க முடியும். மூன்றே ஆண்டுகளில், 1965இல், மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் 'கெட் ஸ்மார்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார்கள். அதில் வரும் செருப்புத் தொலைபேசியைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இரகசியம் பேசுவதற்காகத் தலைமையகத்தில் கூரையிலிருந்து இறக்கப்படும் கண்ணாடிக் கூடு. அதற்குள் உட்கார்ந்தால் பேசுகிற இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வெளியே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். கருவி வேலை செய்யவில்லை என்பது இருவருக்குமே தெரியும், ஆனாலும் விதிமுறை என்பதால் ஒவ்வொரு முறையும் அதை இறக்குவார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை நடந்திருக்கும் யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறது. உளவு நகைச்சுவையில் நான்கும் உண்டு. மிடுக்கான நாயகனைப் பகடி செய்வது எள்ளல். புதிய கருவி கையில் கிடைத்ததும் பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் இருக்க முடியாத குழந்தைத்தனம் இளமை. தனக்கு எதுவும் தெரியாது என்பதுகூடத் தெரியாமல் நடமாடும் நாயகனிடம் இருப்பது பேதைமை. ஆனால் இந்த வகையைத் தாங்கி நிற்கும் தூண் நான்காவதாக உள்ள மடன். பிறர் கொளுத்த, அதாவது கற்பித்த, ஒன்றைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது மடம் என்பது பழைய உரைவழக்கு. பேதைமை தனிமனிதனின் குறை என்றால், மடன் பெரும்பாலும் நிறுவனத்தின் குறை. இவன் பெரிய உளவாளி என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்ட தலைமையகம், அதற்கு எதிரான சான்றுகள் வந்து குவிந்தாலும் அவற்றையே புதிய ஆதாரமாக மாற்றிக்கொள்ளும். அவன் விழுந்தால் அது நடிப்பு, உளறினால் சங்கேதம், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் அவனைப் போல் தேர்ந்தவன் வேறு யாருமில்லை.

1972இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமான 'ஒற்றைக் கறுப்புச் செருப்பணிந்த நெட்டைச் செம்பட்டைத் தலையன்' முழுக்க இந்த ஒரே அச்சில் சுழல்வது. உளவுத்துறையின் உட்பூசலில், விமான நிலையத்தில் கூட்டத்திலிருந்து ஏதோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரைப் பெரிய ஒற்றராகக் காட்டி எதிரணியை ஏமாற்றுவது என்று திட்டம் போடுகிறார்கள். அகப்பட்டவர் ஒரு வயலின் கலைஞர். இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலணி அணிந்து வந்த அவருக்கு, தன்னைச் சுற்றி ஆட்கள் கொலையுண்டு விழுவதே தெரியாது. அதே அச்சை 1987இல் மலையாளத்தின் 'நாடோடிக்காற்று' நம் கடற்கரைக்கே கொண்டுவந்து வைத்தது. துபாய்க்குப் போவதாக நம்பித் தோணி ஏறிய இரு வேலையற்ற இளைஞர்களைத் தரகன் சென்னைக் கரையில் இறக்கிவிட்டுப் போக, அவர்களை இரகசியப் போலீஸ் என்று கடத்தல் கும்பல் நம்பிவிடுகிறது. பயந்து ஓடுபவர்களைப் பார்த்து அதைவிட அதிகமாகப் பயப்படும் அந்தக் கும்பல், ஆற்காட்டுக் காவற்படையின் நேர் வாரிசு.

உளவு என்றால் என்ன, அதில் எங்கே வழுக்கும் என்பது தமிழில் படித்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் அதைத்தான் பேசுகிறது. பார்ப்பவர் ஐயுறாத உருவம் வேண்டும், உற்றுப் பார்த்தால் கண் அஞ்சக் கூடாது, என்ன நேர்ந்தாலும் மனத்திலுள்ளதை உமிழக் கூடாது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக் கூடாது, செய்தால் மறைவை நாமே வெளியே தள்ளியதாகும். இந்த அதிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியையும் தலைகீழாக்கிக்கொண்டே போனால் ஒரு நகைச்சுவைத் திரைக்கதை தானாக எழுந்து நிற்கும். இன்னும் சொல்லப்போனால், போகுமிடமெல்லாம் தன் பெயரை இருமுறை அழுத்திச் சொல்லி அறிமுகமாகும் பாண்டே வள்ளுவர் கணக்கில் தேறமாட்டார். பகடி செய்பவருக்குப் பாதி வேலையை அசல் படமே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

ஐயுறாத உருவம் என்பதற்கு வேலூர்க்காரர்களிடம் ஓர் உரை கிடைக்கும். மஃப்டியில் வரும் போலீசை ஒட்ட வெட்டிய முடியும் பழுப்பு நிற ஷூவும் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பது தமிழ்நாடு முழுவதும் சொல்லப்படும் கேலிதான். ஆனால் கோட்டைக்குள்ளேயே காவலர் பயிற்சிப் பள்ளியை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் அந்தக் கண் இன்னும் கூர்மை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அதிகாரமில்லாத போலீஸ் என்று தன்னையே எண்ணிச் சிரித்துக்கொள்ளும் பழைய சொலவடை இவ்வூருடையது. ஜலகண்டேசுவரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்துவிட்டது; அதிகாரமில்லாத போலீஸ், அதாவது பயிற்சியில் இருக்கும் போலீஸ், இன்னும் இருக்கிறது.

ஒற்றனை ஒற்றனால் சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதத் துணியாத மெய்யான சான்று ஒன்று இரண்டாம் உலகப் போரில் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஹுவான் புஜோல் கார்சியா, தான் இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானிய உளவுத்துறையை நம்பவைத்துவிட்டு, லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலாக் கையேட்டைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கிளாஸ்கோ நகரத்து மனிதர்கள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதினார். அந்த ஊரில் ஒயின் குடிக்கும் வழக்கமும் இல்லை, லிட்டர் அளவும் இல்லை. பெர்லினில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு பிரிட்டன் அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. அவருக்குக் கீழே 27 துணை ஒற்றர்கள் வேலை செய்வதாகக் கணக்கு; ஒருவர்கூட உயிரோடு பிறந்தவர் இல்லை, அத்தனை பேரும் கற்பனை. அவர்களுக்கெல்லாம் ஜெர்மனி பணம் அனுப்பியது. 1944இல் அந்த நாடு அவருக்கு இரும்புச் சிலுவை விருதை வழங்கியது, பிரிட்டனும் தன் பங்குக்கு ஒரு விருதைக் கொடுத்தது. போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணிபுரிந்த நாவலாசிரியர் கிரகாம் கிரீன், 1958இல் எழுதிய 'ஹவானாவில் நம் ஆள்' என்ற நாவல், மறு ஆண்டே படமானது. இப்படிப்பட்ட மனிதர்களின் உலகம்தான் அதிலும் இருக்கிறது. தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்கும் ஒருவர், மகளின் செலவுக்குப் பணம் வேண்டி ஒற்றராகிறார். அனுப்ப எதுவும் இல்லாததால் தன் கடைச் சரக்கின் பாகங்களையே பெரிய அளவில் வரைந்து, மலைக்குள் கட்டப்படும் இரகசிய ஆயுதம் என்று இலண்டனுக்கு அனுப்பிவிடுகிறார். குட்டு வெளிப்பட்ட பிறகு அவரைத் தண்டித்தால் தாங்கள் ஏமாந்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், விருதும் கொடுத்து வேலையும் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த வகைக் கதைகளின் இன்பம் எங்கே இருக்கிறது என்பது இப்போது கொஞ்சம் தெளிவாகும். வழக்கமான உளவுப் படத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், பார்வையாளருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கடைசிச் சுருளில் யாராவது முகமூடியைக் கழற்றும்வரை நாம் காத்திருக்க வேண்டும். நகைச்சுவை உளவுப் படம் அந்த இருக்கையை மாற்றிப் போடுகிறது. அங்கே உண்மை முழுவதும் தெரிந்த ஒரே ஆள், பத்து ரூபாய்க் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் நாம்தான். செயற்கைக்கோளும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. தன்னைப் பற்றி எல்லாம் எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற உறுத்தலோடு வாழும் எளிய மனிதனுக்கு, பதிவு செய்கிறவர்களும் நம்மைப் போலத்தான் கோப்பைத் தொலைப்பார்கள் என்பது ஒரு பெரிய ஆறுதல்.

தமிழ்த் திரை உளவுக் கதைக்குப் புதிதில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் எடுத்த 'வல்லவன் ஒருவன்' போன்ற படங்கள் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆக்கின, 1968இல் எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆக வந்தார். சி.ஐ.டி. என்ற சொல் மாமியார் மருமகள் சண்டைவரை இறங்கி, வேவு பார்க்கும் எவருக்கும் பட்டப்பெயராகிவிட்டது. அப்படியிருந்தும் முழுநீள உளவு நகைச்சுவை இங்கே அரிதாகத்தான் முளைத்தது. காரணம் நாயகனின் மதிப்பு என்று நினைக்கிறேன். நாயகன் முட்டாளாக இருப்பதை நம் வணிகப் படம் எளிதில் ஒத்துக்கொள்ளாது; சிரிப்பைத் தனியே பிரித்து, பக்கத்தில் நிற்கும் நகைச்சுவை நடிகரிடம் ஒப்படைத்துவிட்டு, நாயகனை விறைப்பாகவே வைத்துக்கொள்ளும். இந்தப் பங்கீடு சினிமா கண்டுபிடித்ததன்று. வடாற்காட்டுத் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வரும் அரசனை, நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று கட்டியங்காரன் கேட்பான். அரசன் தன் பெருமையைப் பாட்டாகப் பாடுவான். பாடி முடித்ததும் கட்டியங்காரன் அதை ஒரே சொல்லில் தரையில் இறக்குவான். வாயில்காவலன், தூதன், வேலையாள் என்று எல்லா வேடமும் அவனுக்கு உண்டு, அரண்மனைச் செய்தி எல்லாம் அவன் காது வழியாகத்தான் போகும். கிரீடம் மட்டும் கிடையாது. உளவு நகைச்சுவை செய்த புதுமை, அந்தக் கட்டியங்காரனுக்கே கிரீடத்தை வைத்து மேடை நடுவில் நிறுத்தியதுதான். கதாபாத்திரத்தை ஆணிலிருந்து பெண்ணுக்கு மாற்றினால் அது இன்னும் நன்றாகத் தெரியும். 2015இல் வந்த 'ஸ்பை' படத்தில் மெலிசா மெக்கார்த்தி ஏற்ற பாத்திரம், பல ஆண்டுகள் தலைமையகத்து மேசையிலிருந்தபடி களத்தில் இருக்கும் அழகனின் காதில் வழி சொல்லிக்கொண்டிருந்த பெண். அவள் களத்துக்குப் போகும் நாளில், அழகனுக்குக் கொடுத்தது போன்ற பேனாவும் கடிகாரமும் கிடைப்பதில்லை. மூலநோய்த் துடைதாளும் மலமிளக்கி மாத்திரையும் போல மாறுவேடம் போட்ட கருவிகள்தான் கிடைக்கின்றன. ஐயுறாத உருவம் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான் என்று பார்த்தால், அந்தப் பட்டறைக்காரர் தன்னையறியாமல் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு எதிரேயுள்ள சந்துகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு விடுதியின் முன்கூடத்தில் ஒரு நண்பருக்காகக் காத்திருந்தபோது, தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் 'ஜானி இங்கிலீஷ்' ஓடிக்கொண்டிருந்தது. ரோவன் அட்கின்சன் நடித்து 2003இல் வந்த படம். கிரீட நகைகளைச் சுரங்கம் தோண்டித் திருடியவர்களைத் துரத்தும் நாயகன், வண்டியை மாற்றிப் பிடித்து, யாரோ ஒருவரின் மெய்யான இறுதிச் சடங்கில் புகுந்து, இதெல்லாம் நாடகம், அழுவதை நிறுத்துங்கள் என்று துக்கத்திலிருப்பவர்களை மிரட்டுகிறான். கூடத்தில் இருந்த வங்காளப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, கையில் எக்ஸ்ரே உறை. அறைகளுக்கு வெந்நீர் கொண்டுபோகும் பையனுக்கு வங்காளம் தெரியாது. இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், சவப்பெட்டி தெரிந்த அந்தக் காட்சியில். நோய்க்காக வந்து தங்கியிருப்பவர் சிரிக்கக் கூடிய காட்சியா அது என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆனால் இந்த வகைப் படத்தின் இலகு என்பதே அந்த அனுமதியில்தான் இருக்கிறது. அதே படத்தின் தொடக்கத்தில், நாயகன் சரிபார்த்துவிட்டதாகச் சொன்ன குறியீட்டை நம்பிப் போன தலைசிறந்த உளவாளி சாகிறார். அவருடைய இறுதிச் சடங்கில் நாட்டின் மற்ற உளவாளிகள் அனைவரும், நாயகன் பார்த்துக்கொண்ட பாதுகாப்பில், குண்டுவெடித்துச் சாகிறார்கள். எண்ணிப் பார்த்தால் இரத்தக் களரி. ஆனால் ஒரு சடலத்தையும் காட்டுவதில்லை, யாருடைய மனைவியும் அழுவதில்லை, வேறு ஆள் இல்லாததால் நாயகனுக்குப் பதவி உயர்வு என்று கதை நகர்ந்துவிடுகிறது. செயலுக்கு விளைவு வராது என்று படத்துக்கும் நமக்கும் தொடக்கத்திலேயே ஓர் எழுதாத ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. அது இல்லாவிட்டால் மடன் சிரிப்பாகாது, அச்சமாகிவிடும். சவ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட நாயகனை அவனுடைய உதவியாளன் எப்படி மீட்கிறான் என்பதும் கவனிக்கத்தக்கது: இவர் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவர் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். தவறான துப்பைப் பிடித்தவனைப் பைத்தியம் என்ற சொல் காப்பாற்றிவிடுகிறது.

அந்த விடுதியிலிருந்து கோட்டை நடந்துபோகும் தொலைவுதான். முதலைகள் விட்டிருந்ததாக ஊரார் சொல்லும் அகழி, விரிஞ்சிபுரம்வரை போவதாகச் சொல்லப்படும் சுரங்கம், பாண்ட் பட வில்லனுக்குத் தேவையான எல்லாமே அங்கே உண்டு, குறைந்தபட்சம் வாய்மொழியில். 1806 ஜூன் மாதத்தில் அங்கிருந்த சிப்பாய் முஸ்தபா பேக், புதிய தலைப்பாகை ஆணையால் கொதித்துப்போயிருக்கும் சிப்பாய்கள் கிளர்ந்தெழத் திட்டமிடுகிறார்கள் என்று தன் ஆங்கிலேய அதிகாரியிடம் சென்று சொன்னார். செய்தி சரியானது, வந்த நேரமும் சரியானது. அதிகாரி அதைச் சரிபார்க்க விரும்பினார், அதுவும் சரிதான். அதற்காக இந்திய அதிகாரிகளைக் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைத்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே திட்டத்தில் பங்கிருந்தது. விசாரித்தவர்கள், இவன் பைத்தியம் என்று முடிவு சொன்னார்கள். தலைமை அதை ஏற்று முஸ்தபா பேக்கைச் சிறையில் போட்டது.

இதுவரை இது அப்படியே நகைச்சுவைப் படம்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களைப் பற்றிய புகாரைத் தாங்களே முகம் மாறாமல் விசாரிக்கும் அந்தக் காட்சியைப் போல ஒன்றை எந்த உளவு நகைச்சுவையிலும் நான் பார்த்ததில்லை. ஜூலை 10ஆம் நாள் கோட்டையில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர்களும், அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்தபின் நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் அந்த மதில்களுக்குள் மடிந்தார்கள். முஸ்தபா பேக்குக்குப் பிறகு வெகுமதி கிடைத்தது, ஊரறிய. இந்தக் கதையை யாராவது இலகுவான படமாக எடுப்பதென்றால், குழு தன் தீர்ப்பில் கையெழுத்திடும் இடத்தில், ஜூன் மாதத்திலேயே, விளக்கைப் போட்டுவிட வேண்டும்.